இல்லத் தொழிலும் தாய்மார் மன அமைதியும்

"வீட்டில்தானே இருக்கிறாள்" என்னும் சொல் நம் குடும்பங்களில் அடிக்கடி வழங்குவது. அலுவலகம் செல்லும் பெண்ணைப் பற்றி எவரும் இவ்வாறு கூறுவதில்லை. வீட்டிலிருந்தபடியே பலகாரம் செய்து விற்பவர், ரவிக்கை தைப்பவர், ஆரி வேலை செய்பவர், பட்டுப் புடவைக்குக் குஞ்சம் கட்டுபவர், மாலையில் அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர் ஆகியோரைக் குறித்தே இது சொல்லப்படுகிறது. சொல்பவர் தீங்கு நினைத்துச் சொல்வதில்லை. ஆயினும் இச்சொல்லுக்குள் பிழையான கணக்கு ஒன்று மறைந்துள்ளது. அலுவலகத்தில் பணிபுரிபவர் காலையில் ஒரு வாயிலைக் கடந்து உள்ளே போகிறார். மாலையில் அதே வாயிலைக் கடந்து வெளியே வருகிறார். வீட்டில் தொழில் செய்யும் தாய்க்கு அந்த வாயில் இல்லை. அவருடைய அடுக்களையே தொழிற்கூடம்; கூடமே கடை; படுக்கையறை அலமாரியே சரக்கறை. குழந்தைக்குச் சோறூட்டும் அதே கையில் கைப்பேசி ஒலிக்கிறது.

இத்தகைய தாய்மார்க்கு உண்டாகும் மன உளைச்சலுக்கு மூலம் எது, அதனைக் குறைக்க நம் இல்லற ஒழுக்கத்திலேயே அமைந்துள்ள வழி யாது என்பதனை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஒரு நாளின் கணக்கு

இந்திய அரசின் புள்ளியியல் துறை 2019ஆம் ஆண்டில் காலப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றினை நடத்தியது. ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக அதில் தெரியவந்தது. 2024இல் மீண்டும் ஆய்ந்தபோது பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88 நிமிடம் என்று வந்தது. ஐந்தாண்டுகளில் பெண்களின் சுமை பத்து நிமிடம் குறைந்ததென்று மகிழலாமா? ஆண்களின் பங்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்துவிட்டதே! குழந்தையைப் பேணும் நேரம் இக்கணக்கில் சேராதது, அது தனி. ஆகவே, தொழில் என்று ஒன்றைத் தொடங்குவதற்கு முன்னரே ஒரு தாயின் நாளில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எழுதப்பட்டு முடிந்துவிடுகிறது.

நம் இல்லங்களில் இதனுடன் மற்றொன்றும் சேர்கிறது. கதிரவன் மறையுமுன் உணவு முடித்தல் நம் வழக்கம். பிறர் இல்லங்களில் இரவு எட்டு மணிக்கோ ஒன்பது மணிக்கோ ஆகும் சமையல், நம் வீட்டுப் பெண்டிருக்கு மாலை ஐந்து மணிக்கெல்லாம் ஆகியாக வேண்டும். பள்ளியிலிருந்து பிள்ளைகள் திரும்பும் நேரமும், வாடிக்கையாளர் சரக்கு வாங்க வரும் நேரமும், மாலை உணவு ஆக்கும் நேரமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. சென்னைப் பகுதியில் ஆடி மாதத் தொடக்கத்தில் 6.40 மணியை ஒட்டி மறையும் கதிரவன், கார்த்திகையில் 5.40க்கே மறைந்துவிடுகிறான். பலகாரத் தொழில் செய்வோர்க்கு ஆர்டர்கள் மிகுந்து குவிவதோ தீபாவளியை ஒட்டி. அதாவது, பகல் சுருங்கிவரும் காலத்தில். பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய நாளென்று நாம் விடியலில் எழுந்து வழிபடும் அந்நன்னாளுக்கு முந்தைய இரவுதான் பல தாய்மார்கள் நள்ளிரவு கடந்தும் எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்கிறார்கள். விடியலில் ஆலயத்தில் கண் சொருகி நிற்பவரைப் பார்த்து, "பக்தி போதாது" என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. போதாதது பக்தியன்று, உறக்கம்.

உடலில் நிகழ்வது

உளைச்சல் என்பது மனத்தில் மட்டும் நிகழ்வதன்று. ஹான்ஸ் செல்யே என்னும் மருத்துவ அறிஞர் 1936இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தாக்கும் பொருள் எதுவாயினும் உடல் அதற்குப் பொதுவானதொரு முறையில் எதிர்வினை காட்டுகிறது என்று எடுத்துரைத்தார். சிறுநீரகத்தின் மேல் அமைந்த அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசாலையும் சுரக்கின்றன, நெஞ்சு விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் மந்தமாகிறது. பாம்பைக் கண்டு விலகி ஓடுவதற்கு இவையெல்லாம் வேண்டுவனவே. பாம்பு போனதும் உடலும் அடங்கிவிடும். ஆனால் அடுப்பில் எண்ணெய் காய்கையில் குழந்தை அழுகிறது, குழந்தையைத் தூக்குகையில் அழைப்புமணி ஒலிக்கிறது, கதவைத் திறக்கையில் "நேற்றே தருவதாகச் சொன்னீர்களே" என்று ஒருவர் கேட்கிறார் எனில், அங்கே பாம்பு போவதே இல்லை. நாள் முழுதும் உடல் ஓடத் தயாராகவே நிற்கிறது. ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் மனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுவதால், பத்து நிமிட வேலை இருபது நிமிடமாகிறது. உப்பு இருமுறை விழுகிறது. ரவிக்கையின் அளவு மாறுகிறது. பிழையைச் சரிசெய்ய மேலும் நேரம் வேண்டியிருக்கிறது.

நான்கு வகை ஆர்த்தம்

மனம் உழலும் இந்நிலையை நம் முன்னோர் ஆர்த்தத் தியானம் என்று பெயரிட்டு, நான்காகப் பகுத்துரைத்தனர். உமாஸ்வாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரம் ஒன்பதாம் அத்தியாயத்தில் இப்பகுப்பினைக் காணலாம். வேண்டாதது வந்து சேர்ந்தமைக்கு வருந்துவது அநிஷ்ட சம்யோகம். மாவு அரைபடும்போது மின்சாரம் நிற்பதும், சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தராமல் இழுக்கும் வாடிக்கையாளரும் இதற்கு எடுத்துக்காட்டு. வேண்டியது பிரிந்தமைக்கு வருந்துவது இஷ்ட வியோகம். குழந்தை முதன்முதலில் அடியெடுத்து வைத்தபோது தாம் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்தோமே என்று ஏங்கும் தாயின் துயர் இவ்வகையினது. மூன்றாவது வேதனை; முதுகுவலியும் முழங்கால்வலியும் மனத்தையும் பிடித்துக்கொள்வது. நான்காவது நிதானம்.

இவ்விடத்தில் ஒன்று குறிப்பிடத் தோன்றுகிறது. தமிழில் நிதானம் என்றால் பொறுமை, பதற்றமின்மை என்று பொருள்கொள்கிறோம். ஆகமத்தில் அச்சொல்லின் பொருள் அதற்கு முற்றிலும் மாறு. இனி வரப்போகும் பயனை எண்ணி எண்ணி ஏங்குதலே நிதானம். "அடுத்த தெருவில் ஒருத்தி மாதம் இவ்வளவு சம்பாதிக்கிறாளாமே, நாமும் இன்னும் இருபது ஆர்டர் பிடித்தால் என்ன?" என்று இரவு படுக்கையில் ஓடும் கணக்கு நிதானம்தான். உறக்கத்தைக் கெடுப்பதில் மற்ற மூன்றையும் விட இதுவே வலியது என்பது என் கருத்து.

இந்த ஆர்த்தம் விரதமில்லாதவர்க்கும், அணுவிரதம் ஏற்ற இல்லறத்தார்க்கும், பிரமத்த நிலையிலுள்ள துறவியர்க்கும்கூட உண்டாகும் என்று அதே நூல் கூறுகிறது. நிதானம் மட்டுமே துறவியர்க்கு இல்லையென்பர். ஆகவே, மனம் உழல்வதனாலேயே தாம் நற்குடும்பத் தாயல்லர் என்று எப்பெண்மணியும் வெட்கப்பட வேண்டுவதில்லை. கவனிக்க வேண்டிய இடம் வேறு. ஆர்த்தம் முற்றிச் சினமாக மாறி, ஒன்றும் அறியாத குழந்தையின் முதுகில் அறையாக விழும் நேரம் வருகிறதே, அது ரௌத்திரத்தின் வாயில். அஹிம்சையை வாயால் கற்பிக்கும் இல்லத்தில் அவ்வறைதான் பிள்ளை மனத்தில் நெடுநாள் நிற்கும். அந்நிலை வராமற் காப்பதற்கு, "கோபப்படாதே" என்னும் அறிவுரை சிறிதும் உதவாது. கோபம் விளையும் நிலத்தைத்தான் மாற்ற வேண்டும்.

பரிமாணம் என்னும் முறை

நம் சிராவக ஒழுக்கத்தில் பரிமாணம் என்றொரு சிறந்த முறை உண்டு. பொருளுக்கு அளவு, போகத்திற்கு அளவு, செல்லும் திசைக்கு அளவு. அவற்றுள்ளும் தேசாவகாசிகம் என்பது நுட்பமானது; இத்தனை நேரம் வரை இந்த எல்லைக்கு அப்பால் செல்லேன் என்று இடத்தையும் காலத்தையும் சேர்த்தே வரையறுத்துக்கொள்வது. விரதம் வேறு, தொழில் ஒழுங்கு வேறு என்பதனை மறுக்கவில்லை. எனினும், எல்லை வகுத்துப் பழகிய குடும்பங்களுக்குத் தொழிலிலும் எல்லை வகுப்பது எளிதாக வேண்டுமல்லவா? நடைமுறையில் நாம் செய்வது நேர்மாறு. உண்ணும் பொருளுக்கு அளவு வைக்கும் அதே பெண்மணி, "முடியாது" என்று சொல்ல மனம் வராமல், வரும் ஆர்டரையெல்லாம் ஏற்றுக்கொள்கிறார்.

முதலில் காலத்திற்கு எல்லை. மாலை உணவு என்னும் கட்டாயத்தையே நம் தாய்மார்கள் கடையடைக்கும் மணியாகக் கொள்ளலாம். மாலை நான்கு மணிக்கு மேல் சரக்கு வழங்குவதில்லை, ஆர்டர் ஏற்பதில்லை என்று வாட்ஸ்அப்பில் ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், பெரும்பாலான வாடிக்கையாளர் ஓரிரு வாரங்களில் பழகிவிடுவர். மளிகைக்கடை மூடியிருந்தால் நாளை வருகிறோம் அல்லவா? இரவு பத்து மணிக்கு வரும் செய்திக்குக் காலையில் விடை எழுதினால் வணிகம் கெடுவதில்லை. தொழிலுக்கெனத் தனி எண் வைத்துக்கொண்டு மாலையில் அதனை அணைத்துவிடுவோர் இன்னும் நலம் பெறுவர்.

அடுத்து இடத்திற்கு எல்லை. சிறிய வீட்டில் தனியறை கிடையாது. ஒரு மேசையாவது, ஒரு பாயாவது தொழிலுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். வேலை முடிந்ததும் அதன்மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டால் கண்ணுக்கு மறைகிறது. கண்ணுக்கு மறைவது ஓரளவு மனத்திற்கும் மறைகிறது. தவழும் குழந்தையும் நடை பழகும் குழந்தையும் உள்ள வீட்டில் இவ்வெல்லை உயிரையே காப்பது. கொதிக்கும் எண்ணெய் அடுப்பில் இருக்கும்போது குழந்தை வேறொருவர் பார்வையில் இருத்தல் வேண்டும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லையெனில் அன்று பொரிக்கும் வேலை வேண்டாம். மாவு சலித்தல், உறையிடுதல், கணக்கெழுதுதல் போன்றவற்றைச் செய்யலாம். சுடுபுண் பட்டுவிட்டால் மையோ பற்பசையோ தடவாமல், ஓடும் குழாய் நீரில் இருபது நிமிடம் காட்டி, மருத்துவரிடம் செல்க.

விலையும் உளைச்சலும்

மூன்றாவது, ஆர்டருக்கு எல்லை. இதனைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும். ஏனெனில், எல்லை வகுக்க முடியாமைக்குப் பெரும் காரணம் விலையைப் பிழையாக வைப்பதே என்பது பலரும் எண்ணிப் பாராதது.

எடுத்துக்காட்டாக, ஒரு கிலோ முறுக்கிற்கு மாவு, வெண்ணெய், எண்ணெய் முதலியவற்றிற்கு 170 ரூபாயும், எரிவாயுவுக்கும் உறைக்கும் 30 ரூபாயும் ஆகிறதென்று கொள்வோம். விற்பனை விலை 300 ரூபாய். "கிலோவுக்கு நூறு ரூபாய் இலாபம்" என்கிறார் அத்தாய். ஐந்து கிலோ செய்கிறார். 500 ரூபாய் கிடைக்கிறது. சலித்து, பிசைந்து, பிழிந்து, பொரித்து, ஆறவைத்து, உறையிட்டு, பாத்திரம் துலக்கி முடிக்க ஒன்பது மணி நேரம் ஆயிற்றென்றால், ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 55 ரூபாய். அவர் இலாபம் என்று நினைத்தது உண்மையில் இலாபமே அன்று; அவருடைய கூலி, அதுவும் மிகக் குறைந்த கூலி. தம் உழைப்புக்கு விலையே வைக்காதபடியால், பணம் போதாதபோதெல்லாம் மேலும் செய்ய வேண்டும் என்றே அவருக்குத் தோன்றுகிறது. ஐந்து கிலோ ஏழாகிறது. உறக்கம் ஆறு மணியிலிருந்து நாலரை மணியாகிறது.

அதே முறுக்கிற்கு 340 ரூபாய் விலை வைக்கிறார் என்று கொள்வோம். ஐந்து வாடிக்கையாளரில் ஒருவர் விலகிப் போனாலும் நான்கு கிலோவில் அவருக்குக் கிடைப்பது 560 ரூபாய். அறுபது ரூபாய் கூடுதல். ஒரு கிலோவின் உழைப்பு மிச்சம். விலை ஏற்றுவது பேராசையாகாதா என்று கேட்போர் உளர். அளவைக் குறைத்து, எடையில் நேர்மை காத்து, பொருளில் கலப்பின்றிக் கொடுப்பவர் தம் உழைப்புக்குரிய கூலியைக் கேட்பது பேராசையாகாது. விலை குறைத்து வைத்துவிட்டு, கட்டுப்படியாகவில்லையே என்று பழைய எண்ணெயை மறுபடியும் மறுபடியும் காய்ச்சுவதுதான் தீது. சிறு நோட்டு ஒன்றில் நாள்தோறும் செய்த அளவு, செலவு, ஆன நேரம் ஆகிய மூன்றையும் ஒரு மாதம் எழுதி வந்தாலே ஒருவர் தாங்கக்கூடிய அளவு இவ்வளவென்று தெளிவாகத் தெரிந்துவிடும். அதற்கு மேல் வரும் ஆர்டரை அடுத்த வாரத்திற்குத் தள்ளலாம். அல்லது அதே தொழில் செய்யும் வேறொரு சகோதரிக்கு அனுப்பலாம். உணவுப்பொருள் செய்து விற்பவர்கள் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்வதும், "யாராவது கேட்டால் என்ன சொல்வது" என்னும் அச்சத்தை ஒழிக்கும்.

ஏழு பெண்கள் தொடங்கிய தொழில்

பம்பாயின் கிர்காம் பகுதியில் 1959ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள், குஜராத்தி இல்லத்தரசியர் எழுவர் 80 ரூபாய் கடன் பெற்று, தாம் குடியிருந்த கட்டிடத்தின் மொட்டைமாடியில் அப்பளம் இட்டனர். முதல் நாள் செய்தது நான்கு பொட்டலம். அதுவே பின்னர் லிஜ்ஜத் என்னும் பெயரில் பல்லாயிரம் பெண்களின் அமைப்பாக வளர்ந்தது. எழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அவர்களுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இந்த வெற்றிக்கதை பலரும் அறிந்ததே. நம் ஆய்வுக்கு வேண்டியது அதன் உள்ளமைப்பு. மாவு கிளையில் பிசையப்படுகிறது. உறுப்பினர் அதனைப் பெற்று வீட்டில் அப்பளமாக இட்டு, உலர்த்தி, மறுநாள் கிளையில் எடைபோட்டு ஒப்படைத்துக் கூலி பெறுகிறார். சரக்கு வாங்குவது, உறையிடுவது, விற்பது, நிலுவையை வசூலிப்பது ஆகிய எதுவும் வீட்டிலிருந்து இடுபவரின் தலையில் இல்லை. இட்டு முடித்து அப்பளக் குழவியை வைத்துவிட்டால் அவர் தாயாகவே இருக்கலாம்.

நம் தாய்மார் தனித்தனியே தொழில் நடத்தும்போது கொள்முதல் செய்பவரும், தொழிலாளியும், விற்பவரும், கணக்கரும், பணம் கேட்டு அலைபவரும் ஒருவரே. ஒரே ஊரில், ஒரே ஆலயத்தைச் சார்ந்த மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் இச்சுமையைப் பகிரலாம். ஒருவர் மொத்தமாகச் சரக்கு வாங்கவும், ஒருவர் ஆர்டர்களை ஏற்கவும், குழந்தை வளர்ந்துவிட்ட ஒருவர் பொரிக்கும் வேலையை ஏற்கவும் செய்யலாம். கைக்குழந்தையுடையவர் உறையிட்டுக் கொடுக்கலாம். கணக்கில் ஒளிவு இல்லையெனில் இத்தகைய கூட்டு நிலைக்கும். கூட்டு உடைவது பெரும்பாலும் உழைப்பினால் அன்று, எழுதாத கணக்கினால்.

வீட்டார் பங்கு

கணவரும் மாமனார் மாமியாரும் "உதவி" செய்கிறோம் என்று சொல்வதைக் கேட்கிறோம். உதவி என்பது கேட்டால் வருவது. கேட்பதே ஒரு வேலை. எதை எப்போது கேட்பது என்று நினைவில் வைத்திருப்பது அதனினும் பெரிய வேலை. ஆகவே, பங்கு என்று பிரித்துவிடுதலே மேல். மாலை நான்கு முதல் ஆறு வரை குழந்தை தாத்தாவின் பொறுப்பு. காலையில் நீர் வடிகட்டி நிரப்புவதும் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்வதும் கணவரின் பொறுப்பு என்று முடிவாகிவிட்டால், அவ்விரண்டையும் தாய் மறந்தே விடலாம். மறக்க முடிவதுதான் ஓய்வு. மருமகள் சம்பாதிக்கும் பணத்தில் மகிழும் மாமியார், அவர் பகலில் அரைமணி நேரம் படுத்திருப்பதைக் கண்டு முகம் சுளிக்கலாகாது. பத்து வயதுப் பிள்ளைகள் உறையில் பெயர் எழுதலாம், பொட்டலம் எண்ணலாம். ஆனால் படிப்பையும் விளையாட்டையும் விட்டுத் தொழிலாளராகிவிடக் கூடாது.

இருபத்தேழு மூச்சு

சாமாயிகம் ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை, 48 நிமிடம். கைக்குழந்தையுள்ள தாய் ஒருவர் நாள்தோறும் இடையறாது 48 நிமிடம் அமர்வது அரிது. அமர முடியவில்லையே என்பதையும் மற்றொரு கவலையாக்கிக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு உகந்தது காயோத்சர்க்கம். பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஒன்பது முறை நினைத்தல், ஒரு முறைக்கு மூன்று மூச்சாக இருபத்தேழு மூச்சு என்பது மரபு. நிமிடத்திற்கு ஆறு மூச்சு என்னும் மெதுவான கதியில் விட்டால் இதற்கு நாலரை நிமிடம் ஆகும். அந்த வேகத்தில் மூச்சு சீராக இயங்கும்போது நெஞ்சின் படபடப்பு தணிகிறது என்பது உடலியலாரும் ஒப்புவதே. ஆர்டர் முடித்துக் கையைக் கழுவியதும், குழந்தையைத் தூக்குவதற்கு முன் இதனைச் செய்து பாருங்கள். தொழிலுக்கும் தாய்மைக்கும் இடையே இல்லாத அந்த வாயிலை இது ஒருவாறு உண்டாக்கித் தருகிறது. களைப்பையெல்லாம் இது போக்கும் என்று கூறுவதற்கில்லை. உறக்கத்திற்கு ஈடாக எந்தத் தியானமும் இல்லை.

மருத்துவரை நாட வேண்டிய நிலை

எல்லை வகுத்தும், பங்கு பிரித்தும், ஓய்வு கொடுத்தும் தணியாத துயரம் உண்டு. இரண்டு வாரத்திற்கு மேல் பெரும்பாலான நேரமும் சோர்வு, எதிலும் விருப்பின்மை, காரணமின்றி அழுகை, குழந்தை உறங்கும்போதும் தமக்கு உறக்கம் வராமை, தாம் எதற்கும் பயனற்றவர் என்னும் எண்ணம் ஆகியவை நீடித்தால் அது நோய். மகப்பேற்றிற்குப் பின் வரும் ஓராண்டில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். இதனை வினைப்பயன் என்று விட்டுவிடுவதும், நோன்பு நோற்றால் சரியாகும் என்று பாலூட்டும் தாயைப் பட்டினியிடுவதும் தவறு. சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பதில் வெட்கமில்லாதபோது இதற்கு மட்டும் ஏன்?

இந்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தம்மையோ குழந்தையையோ மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை எழுந்தாலும், அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். கேட்பவர் திட்டாமல், அவரைத் தனியே விடாமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவ்வளவு கடுமையில்லாத நிலையில், குழந்தைக்குத் தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையம் செல்லும் நாளிலேயே தம் நிலையையும் அங்குள்ள மருத்துவரிடம் கூறலாம். கணவர் உடன் செல்வது நன்று; தாய் சொல்லத் தயங்குவதை அவர் எடுத்துச் சொல்ல இயலும்.